இரவல் துக்கம்

உயிர் போகிற வேதனையில் ஒருவன் எழுதிய பாட்டை, நாற்பது வருஷம் கழித்து, அவனை நேரில் பார்த்தேயிராத ஒரு கூட்டம் சனிக்கிழமை ராத்திரி ஒரு கையில் பீர்க் கோப்பையோடு ஆடிப் பாடலாமா? பாடி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடலாமா?

கேள்வியை இப்படி மொட்டையாகப் போட்டால், "பாட்டு என்று இருந்தால் பாடத்தானே செய்வார்கள்? இதில் நியாயம் அநியாயம் எங்கிருந்து வந்தது?" என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பது சரிதான். ஆனால் எழுதியவன் யார், பாடுகிறவர்கள் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு அதே கேள்வி கொஞ்சம் கனத்துப் போகிறது. ஆகையால் தீர்ப்பைச் சற்று ஒத்திவைத்துவிட்டு ஆட்களைப் பார்ப்போம்.

எழுதியவன் பெயர் இயன் கர்ட்டிஸ். 'அவன்' என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். சாகும்போது அவனுக்கு வயது 23. என் கதைகளில் வருகிற அந்த வயதுப் பையன்களையெல்லாம் நான் அப்படித்தான் அழைக்கிறேன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துக்குத் தெற்கே, ரயிலில் அரைமணிக்கும் குறைவான தூரத்தில், மேக்கிள்ஸ்பீல்ட் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில், உடல் ஊனமுற்றவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கிற பிரிவில் அவனுக்கு உத்தியோகம். 19 வயதில் கல்யாணம். 22 வயதில் ஒரு பெண் குழந்தை. பகலில் ஆபீஸ், ராத்திரியில் 'ஜாய் டிவிஷன்' என்ற நால்வர் கோஷ்டியில் பாட்டு. வார்த்தைகளை எழுதுவதும் அவன்தான், பாடுவதும் அவன்தான்.

1979 ஜனவரியில் டாக்டர்கள் அவனுக்கு வலிப்பு நோய் என்று சொன்னார்கள். கோஷ்டிக்குப் பெயர் வர வர ஊர் ஊராகப் பயணம் அதிகமாயிற்று. அந்தப் பயணங்களுக்கு நடுவே இன்னொரு பெண்ணின் சிநேகம் ஏற்பட்டது. வீட்டில் மனைவியோடு பேச்சு அற்றுப்போயிற்று. இந்த நிலையில் பிறந்ததுதான் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' என்ற பாட்டு. காதல் நம்மைப் பிய்த்துப் போட்டுவிடும் என்று தலைப்புக்கு அர்த்தம். அந்த 'நம்மை' என்பதில் ஒருத்தி அவன் மனைவி என்பதை மறக்கக் கூடாது.

1980 மே 18ஆம் தேதி தன் வீட்டிலேயே அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். மறுநாள் கோஷ்டி முழுவதும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறவேண்டியிருந்தது. அடுத்த மாதம் இந்தப் பாட்டு இசைத்தட்டாக வெளிவந்து, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 13ஆவது இடம் வரைக்கும் ஏறியது.

விசேஷம் என்னவென்றால், மெட்டை மட்டும் கேட்டால் இது துக்கப் பாட்டு என்றே தெரியாது. குதிரை ஓட்டம்போலத் துள்ளி ஓடுகிற தாளம். மேலே குழந்தைகூட ஒரு தடவை கேட்டால் முணுமுணுக்கக்கூடிய மெட்டு. குரல் மட்டும் எங்கோ கிணற்றடியிலிருந்து வருவதுபோல் இருக்கும். கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். வார்த்தை காதில் ஏற நாளாகும்.

அவனைப் புதைத்த ஈரம் காயுமுன்பே என்று சொல்வார்களே, அதுபோல இரண்டு வருஷத்துக்குள் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த மூவரும் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு 'நியூ ஆர்டர்' என்ற புதுப் பெயரில் வாசிக்கத் தொடங்கினார்கள். அவர்களும், அவர்கள் தட்டுக்களை வெளியிட்ட 'பாக்டரி' கம்பெனியும் சேர்ந்து, பழைய பாட்டிலும் புதுப் பாட்டிலும் வந்த பணத்தைப் போட்டு, மான்செஸ்டர் விட்வொர்த் வீதியில் படகு விற்கும் கடையாக இருந்த ஒரு கட்டிடத்தை நடன மண்டபமாக்கினார்கள். அதற்கு 'ஹசியெண்டா' என்று பெயர். திறந்த நாள் 1982 மே 21. அதாவது அவன் இறந்து இரண்டு வருஷமும் மூன்று நாளும். துக்கத்தில் வந்த காசு ஆட்டத்துக்குத் தளம் போட்டது என்று ஒரு வக்கீல் வாதாடினால் மறுப்பது கடினம். அந்த மண்டபம் பிறகு உலகப் புகழ் பெற்று, கடனில் மூழ்கி, 1997இல் மூடப்பட்டது. சாமான்களை 2000இல் ஏலம் போட்டார்கள். பின்பு கட்டிடத்தையும் இடித்து, அதே பெயரில் அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. அந்த மண்டபத்தில் போட்ட பாட்டுக்களை 2016இலிருந்து பெரிய வாத்திய கோஷ்டியை வைத்து மேடையில் வாசித்து டிக்கெட் விற்கிறார்கள். இடித்த வீட்டுக்குத் திதி கொடுப்பதை அங்கேதான் பார்க்கலாம்.

இனி ஆடுகிறவர்களுக்கு வருவோம். இவர்கள் 'இண்டி' தலைமுறை. 'இண்டிபெண்டென்ட்' என்ற சொல்லைச் செல்லமாக நறுக்கி அப்படி வைத்துக்கொண்டார்கள். பெரிய கம்பெனிகளின் வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம், நாமே பாட்டுக் கட்டி, நாமே பதிவு செய்து, நாமே அட்டை ஒட்டி விற்போம் என்று 1970களின் கடைசியில் பிரிட்டனில் கிளம்பிய ஒரு வீம்பு அது. லண்டனில் 1976இல் 'ரப் டிரேட்' என்று ஒரு தட்டுக்கடை. 1978இல் அந்தக் கடையே கம்பெனியாயிற்று. அதே வருஷம் மான்செஸ்டரில் 'பாக்டரி'. 1980 ஜனவரியிலிருந்து இந்தச் சின்னக் கம்பெனிகளுக்கென்றே வாரந்தோறும் தனி விற்பனைப் பட்டியல் வர ஆரம்பித்தது. இந்த வீம்புக்குப் பின்னால் ஒரு தர்மமும் இருந்தது. "குரல் நன்றாக இல்லையே" என்று யாராவது சொன்னால், "உன் குரல்தானா, சொல்" என்று திருப்பிக் கேட்பார்கள். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை, சொந்த அனுபவமாக இருக்கவேண்டும். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததைப் பாட்டாக எழுதினால் அது இண்டி. (போகப் போக இதுவும் தேய்ந்தது. ஒயாசிஸ் கோஷ்டியை உலகத்துக்குக் கொடுத்த 'கிரியேஷன்' கம்பெனி 1992இலேயே தன்னில் ஏறக்குறையப் பாதியை சோனிக்கு விற்றுவிட்டது. வீம்புக்கும் வயிறு உண்டு.)

சொந்தக் குரலைத் தவிர வேறெதையும் மதிக்கமாட்டோம் என்று சபதம் எடுத்த அந்தப் பிள்ளைகள் இன்று ஐம்பது வயதில் செய்வது என்ன? அடுத்தவன் குரலுக்குப் பதிலாகத் தங்கள் குரலை வைத்து அடுத்தவன் பாட்டைப் பாடுகிறார்கள். அதற்குத்தான் கரோக்கே.

கரோக்கே என்பது ஜப்பானியச் சொல். 'கரா' என்றால் காலி. 'ஓக்கே' என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். காலி வாத்திய கோஷ்டி! வாத்தியம் எல்லாம் ஒலிக்கும், பாடகனுடைய நாற்காலி மட்டும் காலியாக இருக்கும்; யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இதற்கு முதல் பெட்டி செய்தவர் யார் என்பதில் ஜப்பானிலேயே இரண்டு பெயர் சொல்வார்கள். 1967இல் ஷிகெயிச்சி நெகிஷி ஒன்று செய்தார். ஆனால் எனக்குப் பிடித்தது டைசுகே இனோவேயின் கதை. அவர் கோபே நகரத்து மதுக்கடைகளில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். குடிக்க வந்த முதலாளிகள் பாடுவார்கள், இவர் பின்னால் வாசிக்கவேண்டும். ஒரு முதலாளி, தான் வெளியூர் போகிற இடத்துக்கும் வந்து வாசிக்கும்படி கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதருடைய குரலுக்கு எந்தச் சுருதி ஒத்துவரும், எந்த இடத்தில் அவர் தாளத்தில் இடறுவார் என்பது இவருக்கு மனப்பாடம். அதற்குத் தகுந்தபடி வாத்தியத்தை மட்டும் நாடாவில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். முதலாளி நாடாவோடு பாடி மகிழ்ந்து திரும்பினார். 1971இல் இனோவே 11 பெட்டிகள் செய்து, 100 யென் காசு போட்டால் பாட்டு வரும்படி வாடகைக்கு விட்டார். உரிமைப் பதிவு செய்துகொள்ளவில்லை. உலகம் அதில் கோடி கோடியாகச் சம்பாதித்த பிறகு, 2004இல், வேடிக்கைக்காகக் கொடுக்கப்படும் 'இக் நோபல்' சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் பழகப் புதுவழி கண்டவர் என்று காரணம் சொன்னார்கள். கேலிதான். ஆனால் கரோக்கேயின் அடியில் கிடப்பது ஓர் ஏழை வாத்தியக்காரன் பாட வராதவனுடைய பலவீனத்தை அறிந்து அதற்கு இடம்விட்டு வாசித்த கருணை. இதை நான் பிறகு பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

என்னோடு கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, நான் அதோடு நின்றுவிட, தான் மேலே மேலே படித்து டாக்டராகிவிட்ட சிநேகிதன் ஒருவன் மான்செஸ்டரில் இருக்கிறான். அவன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், "வாடா, உனக்கு ஒரு கூத்துக் காட்டறேன்" என்று அழைத்துப்போனான்.

ஒரு மதுக்கடையின் நிலவறை. தாழ்ந்த செங்கல் வளைவு. ஆள் உயரமாக இருந்தால் தலை இடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை அங்கே பழைய இண்டி பாட்டுக்கள் மட்டும் போடுவார்கள். பத்து மணி வரை ஆட்டம், அப்புறம் கரோக்கே. நாற்பத்தைந்துக்குக் குறைந்த வயது முகம் ஒன்றிரண்டுதான் தென்பட்டது. பள்ளிக்கூட வாத்தியார்கள், நர்ஸுகள், முனிசிபல் குமாஸ்தாக்கள். முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய பனியன். நெஞ்சில் அச்சடித்திருந்த கோஷ்டியின் பெயர் இப்போது வயிற்றின்மேல் அகன்று, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுக் கிடந்தது. முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஒரு அம்மாள் ஆடினாள் பாருங்கள், அவளைக் கும்பிடத் தோன்றியது. ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, பஸ் மோதிச் செத்தாலும் உன் பக்கத்தில் சாவது இன்பம் என்ற கருத்துள்ள ஸ்மித்ஸ் கோஷ்டியின் பாட்டு ஒன்றை, ஏதோ தேசிய கீதம் பாடுவதுபோல் எல்லோரும் பாடினார்கள்.

பழசை நினைத்து ஏங்குவதை ஒரு நோய் என்றே ஐரோப்பிய வைத்தியம் ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்தது. 1688இல் பாசல் நகரத்தில் ஜொஹன்னஸ் ஹோபர் என்ற வைத்திய மாணவர் இதற்காகவே 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உண்டாக்கினார். அயல்நாட்டுச் சேனைகளில் கூலிக்குப் போரிட்ட ஸ்விஸ் சிப்பாய்களிடம் அவர்கள் ஊர் மாட்டுக்காரன் பாட்டை யாரும் இசைக்கக்கூடாது, இசைத்தால் மரண தண்டனை, ஏனென்றால் அதைக் கேட்டால் அழுதுவிடுவார்கள், ஓடிப்போவார்கள், செத்தும் போவார்கள் என்று ரூஸோ 1768இல் தம் சங்கீத அகராதியில் எழுதியிருக்கிறார். அந்த நிலவறையில் நின்றபோது, தடுக்கப்பட்ட மருந்தை டிக்கெட் போட்டு விற்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டேன். ஆனால் இவர்கள் எந்த ஊருக்கும் திரும்ப ஏங்கவில்லை. அந்த ஊரிலேயேதான் இருக்கிறார்கள். என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாமல் இருந்த காலத்துக்கு ஏங்குகிறார்கள். ஆகிவிட்டவர்களுக்கு வருகிற ஏக்கம் அது.

நடத்துகிறவள் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள். பகலில் நூலகத்தில் வேலையாம். பாட விரும்புகிறவர்கள் ஒரு காகிதத்தில் பெயரும் பாட்டும் எழுதிக் கொடுத்தால், வரிசையை அவள் தீர்மானிப்பாள். பதினொரு மணிவாக்கில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட, வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் ஏறினார். அவர் கேட்டது கர்ட்டிஸின் பாட்டு. கூட்டம் 'ஹோ' என்று வரவேற்றது. முதல் சரணத்தைப் பாடினார், குரல் சுமார்தான். இரண்டாவது சரணம் ஆரம்பித்தது. திரையில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டு ஓடின. அவர் பாடவில்லை. ஒலிபெருக்கியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றார். வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. கண்ணெதிரே எழுதிக்கிடக்கிற வார்த்தை எப்படி மறக்கும்? கூட்டமே கையைத் தட்டிக்கொண்டு அவருக்காகப் பாடி முடித்தது. பலத்த கரகோஷம். அவரும் குனிந்து வணங்கினார்.

அந்த அம்மாள் கைதட்டவில்லை. அடுத்தபடியாக, மூளைக்கு எந்த வேலையும் இல்லாத ஒரு துள்ளல் பாட்டைப் போட்டுவிட்டு, மேடையைச் சுற்றி வந்து, அவர் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கி வைத்து, அவரை மூலை மேஜைக்கு அழைத்துப்போனாள். ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிற்பாடு என் சிநேகிதன் என்னை அறிமுகம் செய்துவைத்தபோது, நான் அதைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பாட்டை நான் கடைசியாக வைப்பதே இல்லை. அதைப் பாடியவரை இங்கிருந்து நேரே வீட்டுக்கு அனுப்பவும் மாட்டேன்" என்றாள். யார் நன்றாகப் பாடினார்கள் என்று கேட்டால் தனக்குச் சொல்லத் தெரியாதென்றும், தான் பாட்டைக் கேட்பதில்லை, பாடுகிற ஆளைப் பார்ப்பதோடு சரி என்றும் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் காலை தோசைக்கு முன்னால் விவாதம் கிளம்பிற்று. கிளப்பியது சிநேகிதனின் மனைவி. "அண்ணா, நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டுச் செத்துப் போனான். அந்தப் பாட்டுக்கு இவர் மாசாமாசம் போய் ஆடிட்டு வரார். அந்தப் பொண்டாட்டி கடைக்குப் போற வழியில இந்தப் பாட்டும் சிரிப்பும் காதில விழுந்தா அவளுக்கு எப்படி இருக்கும்?"

"அவன் செத்தது வேற, பாட்டு வேற. வெளியில வந்துட்டா அது ஊர்ச்சொத்து" என்றான் இவன். "ஆஸ்பத்திரியில நான் பாக்காத சாவா? அதையெல்லாம் மனசில வெச்சுண்டு ஆட முடியுமா?"

"அதான் கேக்கறேன், ஏன் ஆடணும்?"

என் சிநேகிதன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. பிறர் துக்கத்தில் ரஸிப்பு என்பது நேற்று வந்ததல்ல. அரிச்சந்திர நாடகத்தில் மயான காண்டத்துக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்ட பரம்பரை நாம். சந்திரமதி மறுபடி ஒருமுறை பிள்ளையை மடியில் போட்டு அழுதாள்; ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். எனக்கு வருகிற கடிதங்களிலும், "உங்கள் சோகக் கதை பிரமாதம், மிகவும் ரஸித்தோம்" என்று எழுதுகிறார்கள். நான் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படத்தான் செய்கிறேன். ஆனால் அவன் மனைவி சொன்னதற்கு அவனிடம் பதில் இல்லை. சந்திரமதி அடுத்த தெருவில் குடியிருக்கவில்லை. கர்ட்டிஸின் பாட்டில் வருகிறவள் குடியிருந்தாள்.

ஆனாலும் ஆடுவது குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1980 ஏப்ரலில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் அவன் பாடிக்கொண்டிருந்தபோது, மின்னி மின்னி மறையும் விளக்குகளின் வெளிச்சத்தில் அவனுக்கு வலிப்பு வந்து, மத்தளங்களின்மேல் சாய்ந்து விழுந்தான். வழக்கமாகவே அவனுடைய ஆட்டம் கைகளை வெட்டி வெட்டி இழுக்கிற விசித்திர ஆட்டம். ஆகவே இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்றே சபையில் சிலர் நினைத்தார்கள். மேடைக்கு எதிரே இருந்தவர்கள் மட்டுமல்ல, பக்கத்தில் நின்று வாசித்தவர்களும் அப்படித்தான். அவன் எழுதிய வார்த்தைகளைத் தாங்கள் அவன் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை, பாட்டுக்காக எழுதுகிறான் என்றே இருந்துவிட்டோம் என்று அவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் யார்? இருபது சொச்சம் வயதுப் பையன்கள். ஒரு வருஷமாக ஒருவன் தினமும் ராத்திரி ஒலிபெருக்கியில் "நான் முடியாமல் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல தாளம் இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

நிலவறையில் ஆடுகிறவர்களுக்கு அவன் கதை தெரியும். தெரிந்துதான் ஆடுகிறார்கள். இனி அவனைக் காப்பாற்ற அவர்களால் ஆகாது. ஆனால் அதே பாட்டை அதே மாதிரி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவன், வழுக்கைத் தலையோடும் இஸ்திரிச் சட்டையோடும் எதிரே நிற்கிறான். அவனுக்குச் சொந்த வார்த்தை கிடையாது. இரவல் வாங்கித்தான் சொல்லமுடியும். இண்டிக்காரர்கள் சொந்தக் குரல் என்று இவ்வளவு அலட்டிக்கொண்டார்களே, பாட்டு எழுதத் தெரியாதவன் எங்கே போவான்? வாத்தியம் அவனுக்கு இடம்விட்டு ஒலிக்கிறது. அந்தக் காலி இடத்தில் அவன் பாடினாலும் சரி, நின்றாலும் சரி, அது பாட்டா பேச்சா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அன்று ராத்திரி அங்கே நூறு பேருக்கு ஒருத்தி இருந்தாள். அது போதும் என்றே தோன்றுகிறது. அவள் இருக்கிற இடத்தில் மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் தாராளமாக ஆடலாம். அவள் இல்லாத இடத்தில் வெறும் மௌனமாகக் கைகட்டி நின்று கேட்டாலும் அதில் புண்ணியம் ஒன்றும் இல்லை.

இரவல் வாங்கியது ஆடுகிறவர்கள் மட்டும் அல்ல. கர்ட்டிஸே வாங்கியவன்தான். 'ஷீஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' என்று அவனுடைய இன்னொரு பாட்டு உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவனிடம் வேலை கேட்டு வந்துகொண்டிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு வலிப்பு நோய். சில நாளாக வரவில்லையே என்று விசாரித்தபோது, நோயிலேயே இறந்துவிட்டாள் என்று தெரிந்ததாம். அவன் கோஷ்டியில் இருந்த பெர்னார்ட் சம்னர் சொல்லியிருக்கிற தகவல் இது. அவளுடைய அவஸ்தை பாட்டாயிற்று. மேடையில் அதற்கு ஆட்டமும் உண்டு. அவளிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. ஆனால் ஆபீஸ் மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிற நூறு பேரில் அவளை ஒருத்தியாகப் பார்த்தது அவன் ஒருவன்தான் என்பதும் இதில் இருக்கிறது. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்குத் தீர்ப்புச் சொல்ல வாய் வரவில்லை.

சந்தோஷப் பாட்டும் இதுபோல் இடம் மாறியிருக்கிறது. 2017 மே 22ஆம் தேதி ராத்திரி அதே மான்செஸ்டரில், பெரும்பாலும் சின்னப் பெண்கள் கூடியிருந்த ஒரு பாட்டுக் கச்சேரி முடிகிற நேரத்தில் ஒருவன் குண்டு வெடித்து 22 பேரைக் கொன்றான். மூன்றாம் நாள், செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் ஜனங்கள் கூடி ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். மௌனம் முடிந்ததும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு பெண்மணி தனியாக ஒயாசிஸ் கோஷ்டியின் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' பாட்டை எடுத்தாள். 1996இல் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பாட்டு. மதுக்கடை மூடும் நேரத்தில் நாக்குக் குழறப் பாடுகிறது. வாத்தியம் இல்லை, திரை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சதுக்கம் முழுவதும் அவளோடு சேர்ந்துகொண்டது. இருபது வருஷமாகக் குடித்துவிட்டுப் பாடிப் பாடி எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்ததால் அல்லவா அன்றைக்கு அந்தப் பாட்டு உதவிற்று? துக்கத்துக்கென்றே பத்திரமாக எடுத்துவைத்த பாட்டு ஏதாவது இருந்திருந்தால் பாதிப் பேருக்கு வார்த்தை தெரிந்திருக்காது.

சிநேகிதனின் மனைவி கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தப் பொண்டாட்டிக்கு எப்படி இருக்கும்? அதை அவளைத் தவிர யாரும் சொல்வதற்கில்லை. டெபரா கர்ட்டிஸ் 1995இல் தன் மணவாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள். அதில் அவனைத் தெய்வமாக்கவும் இல்லை. தன்னைத் தியாகியாக்கிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1980இலேயே, வேறொன்று செய்துவிட்டாள். மேக்கிள்ஸ்பீல்ட் மயானத்தில் அவனுக்கு ஒரு சின்ன நினைவுக் கல் வைத்தார்கள். நடைபாதை ஓரத்தில் பதிக்கிற அளவுக்குத்தான் அது உயரம். அதில் பெயரும் தேதியும் பொறித்த பிறகு கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. தன்னைக் குற்றவாளிக் கூண்டிலும் சாட்சிக் கூண்டிலும் ஒரே சமயத்தில் ஏற்றிய அந்தப் பாட்டின் தலைப்பையே அவள் அங்கே பொறிக்கச் சொன்னாள்.

2008 ஜூலையில் அந்தக் கல்லை யாரோ பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அங்கே இருப்பது புதுக் கல். அதிலும் அதே தலைப்புத்தான்.